உறுதிபூசுதல் முடிந்ததும் இளையோர் எங்கே போகிறார்கள்? எல்லாருக்கும் இடமுள்ள இளையோர் பணியைப் பங்கில் கட்டுவது எப்படி

தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். பெற்றோர் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிடுகிறார்கள், ஆசிரியர்கள் வருகைப் பதிவு எடுக்கிறார்கள். இடைநிலைப்பள்ளிப் பருவத்தில் ஆயர் வந்து உறுதிபூசுதல் கொடுக்கிறார். படம் எடுத்துக்கொள்கிறார்கள், மண்டபத்தில் விருந்தும் நடக்கிறது. அடுத்த மாதம் இளையோர் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பல முகங்களைக் காணோம்.

விசுவாசம் குறைந்துவிட்டது, கைப்பேசி கெடுத்துவிட்டது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால், வராமல் போனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘இப்போது என்ன செய்கிறார்’ என்று குறித்துப் பார்த்தால் வேறு கதை தெரியவரும். ஒருவர் எஸ்.பி.எம். முடித்த கையோடு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் சேர்ந்திருப்பார். இன்னொருவர் ஜோகூர் பாருவிலிருந்து விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூர் போகிறவர். ஞாயிறுதான் அவர் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கும் நாள். ஒரு பெண் தோட்டத்தில் பாட்டியோடு இருப்பாள். ஆலயம் இருக்கும் பட்டணத்திலிருந்து இருட்டிய பிறகு திரும்பிப் போகப் பேருந்து கிடையாது. ஒருவருக்குக் கூட்டத்தில் பேசும் ஆங்கிலம் புரியும், பதில் சொல்லத்தான் வாய் வராது. இன்னொருவருக்குக் காது கேளாது.

இவர்களில் பெரும்பாலோர் வேதத்தை விட்டுவிட்டவர்கள் அல்லர். கூட்டத்தின் நேரம், இடம், மொழி, செலவு எதுவும் இவர்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எல்லாரையும் உள்ளடக்கும் இளையோர் பணி என்று இப்போது பல பங்குகளில் பேசப்படுவது இந்த நான்கையும் திருத்துவதில்தான் தொடங்குகிறது.

திருஅவை சொல்வது என்ன?

2018 அக்டோபரில் ரோமில் கூடிய ஆயர் மாமன்றம் இளையோரைப் பற்றியே பேசியது. அதற்கு முன்பே, அதே ஆண்டு மார்ச் மாதம், பல நாடுகளிலிருந்து ஏறக்குறைய 300 இளையோரை அங்கே வரவழைத்து அவர்களின் மனக்குறைகளைக் கேட்டார்கள். மாமன்றம் முடிந்த பின், 2019 மார்ச் 25ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் ஊக்கவுரையில் கையெழுத்திட்டார். 299 பத்திகள் கொண்ட அந்த ஏட்டின் ஏழாம் அதிகாரம் முழுவதும் இளையோர் பணி பற்றியது.

பங்குகளில் அதிகம் வாசிக்கப்படாத ஒரு பகுதி அந்த அதிகாரத்தில் உண்டு. 230ஆம் பத்தியிலிருந்து வருவது. வழக்கமான இளையோர் அமைப்புகளுக்கு வெளியே இருப்பவர்களுக்கென்று, வேறு நேரத்தில், வேறு வேகத்தில், வேறு முறையில் நடக்கும் ஒரு பணியைத் திருத்தந்தை அங்கே விவரிக்கிறார். அக்கம்பக்கத்தில் இயல்பாகவே பிறரைக் கூட்டிச் சேர்க்கும் திறமுள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கச் சொல்கிறார். சந்தேகம் உள்ளவர், தவறு செய்தவர், பிற சமயத்தார், சமயமே வேண்டாம் என்பவர் ஆகியோருக்கும் இடம் இருக்கட்டும் என்கிறார். திருஅவையின் போதனைகள் அனைத்தையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒருவர் சில நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ளலாம் என்று கதவடைக்க வேண்டியதில்லை என்பதும் அதில் இருக்கிறது.

இதைக் கேட்டதும் சில பெரியவர்களுக்கு மனம் சஞ்சலப்படும். ஜெபமும் திருப்பலியும் இல்லாமல் வெறும் காற்பந்துக் கழகமாகிவிடுமோ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதே ஊக்கவுரை இளையோர் பணிக்கு இரண்டு பாதைகளைக் காட்டுகிறது: தேடிப்போய் அழைப்பது ஒன்று, வந்தவரை விசுவாசத்தில் வளர்ப்பது மற்றொன்று. பெரும்பாலான பங்குகள் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துகின்றன.

எந்த மொழியில் பேசுவது?

மலேசியப் பங்கு ஒன்றில் முதலில் வெடிக்கும் சிக்கல் மொழிதான். அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1880களில் பிரெஞ்சு மறைப்பணியாளர் ரெனே ஃபே அடிகளார் பேராக் மாநிலத்தின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியமர்த்தினார். சிங்கப்பூரில் தமிழர்களுக்கென்று கட்டப்பட்ட லூர்து மாதா ஆலயம் 1888இல் எழுந்தது. அந்தக் காலத்தில் தமிழருக்கு ஓர் ஆலயம், சீனருக்கு ஓர் ஆலயம், ஆங்கிலம் பேசும் யுரேஷியருக்கு ஓர் ஆலயம் என்று இருந்த ஊர்கள் பல. பின்னர் பங்குகள் எல்லை வைத்துப் பிரிக்கப்பட்டபோது, ஒரே கூரையின் கீழ் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் எனத் தனித்தனித் திருப்பலிகள் வந்தன.

1976இல் கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா-ஜோகூர் மறைமாவட்டங்களின் குருக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். அஜியோர்னமென்டோ என்று இன்றும் சொல்லப்படும் அந்தக் கூடுகைதான் அன்பியங்களைத் தீபகற்பத் திருஅவையின் முதன்மைப் பாதையாக்கியது. அக்கம்பக்கத்து வீடுகள் மொழி பார்க்காமல் ஒன்றாகக் கூட வேண்டும் என்பது அதன் நோக்கம். பெரியவர்களிடம் அது ஓரளவு நடந்தது. இளையோர் குழுக்களோ பெரும்பாலும் திருப்பலி மொழியின் வழியே பிரிந்து நிற்கின்றன.

எல்லாரும் ஒன்று என்று சொல்லி ஆங்கிலத்தில் ஒரே குழு அமைத்தால் என்ன நடக்கும்? மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளையும் பேசுவார்கள், தோட்டத்திலிருந்தும் பி.பி.ஆர். அடுக்குமாடியிலிருந்தும் வந்த பிள்ளை கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும். நாற்காலி அடுக்கவும் வாகனம் நிறுத்த வழிகாட்டவும் ஆள் தேவைப்படும்போது மட்டும் அந்தப் பிள்ளையின் பெயர் நினைவுக்கு வரும். மூன்றாவது மாதம் வராது. யாரும் விரட்டவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

சரி, தமிழ்க் குழுவைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு மறைவான கதவு இருக்கிறது. தேசியப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாடல்களை மலாய் எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கும் பாடகர் குழுக்கள் அதனால்தான் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளியில் படித்தவர் வாசகம் வாசிக்க, மற்றவர் தலைகுனிந்து நிற்கும் நிலை வந்தால், தமிழ்க் குழுவே தமிழரைத் தள்ளிவைத்ததாகிவிடும். தவிர, தனிக் குழு என்று ஆகிவிட்டால் பொங்கல் திருப்பலிக்குக் கோலம் போடவும் திருவிழா ஊர்வலத்துக்குச் சப்பரம் தூக்கவும் மட்டுமே அழைக்கப்படும் ஆபத்தும் உண்டு. பங்குப் பேரவை முடிவெடுக்கும் அறையில் அவர்களுக்கு நாற்காலி இருக்காது.

நடைமுறையில் ஓரளவு பலன் தருவது கலப்பு வழி. மனம் திறந்து பேசும் சிறு வட்டங்கள், ஜெபம், விவிலியப் பகிர்வு ஆகியவை அவரவர்க்கு நெருக்கமான மொழியில் நடக்கட்டும். திட்டமிடல், வேலைப் பங்கீடு, விளையாட்டு, சேவை எல்லாம் சேர்ந்து நடக்கட்டும். அங்கே மலாய் மொழி கைகொடுக்கும். இந்நாட்டுப் பள்ளியில் படித்த அனைவருக்கும் மலாய் தெரியும். படிப்புக்கும் வேலைக்கும் தீபகற்பம் வந்திருக்கும் சபா, சரவாக் இளையோரும், கத்தோலிக்க ஓராங் அஸ்லி பிள்ளைகளும் அந்த மொழியில்தான் செபிக்கிறார்கள். மலாய் பேசினால் தமிழ் அழிந்துவிடும் என்று பயப்படுபவர்கள், ஆங்கிலக் கூட்டத்தில் வாய்மூடி இருந்த தமிழ்ப் பிள்ளை மலாயில் எழுந்து வாதாடுவதை ஒருமுறை பார்க்கட்டும். பொதுக் கூட்டத்தின் தொடக்க ஜெபத்தை மாதம் ஒரு மொழியில் வைத்து, அன்று மற்ற எல்லாரும் அந்த மொழியின் பல்லவியைக் கற்றுக்கொள்ளும் வழக்கமும் நல்லதே. அதையே பெரிய சாதனையாகக் காட்டிப் படம் போடாத வரை.

நேரம், வண்டி, காசு

சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்குக் கூட்டம் என்பது பட்டணத்தில் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு வசதியான நேரம். தோட்டத்துப் பெற்றோர் பெண் பிள்ளையை அந்த நேரத்துக்கு அனுப்பமாட்டார்கள்; அனுப்பாததைக் குறை சொல்லவும் முடியாது. ஞாயிறு திருப்பலி முடிந்தவுடனே, வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும்படி ஒரு மணி நேரம் கூடுவது எளிது. அதைவிட எளிது, மாதத்தில் ஒரு கூட்டத்தைத் தோட்டத்துச் சிற்றாலயத்திலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ வைப்பது. பட்டணத்துப் பிள்ளைகள் அங்கே போகட்டும். எந்தப் பக்கம் பயணம் போகிறது என்பதை வைத்தே யார் விருந்தினர், யார் வீட்டுக்காரர் என்று பிள்ளைகள் கணித்துவிடுவார்கள்.

ஷிஃப்டு வேலை செய்வோருக்கு வாரக் கூட்டம் என்பதே பொருந்தாது. அவர்களுக்குச் சுழற்சி முறையில் இருமுறை ஒரே கூட்டத்தை நடத்தலாம். அல்லது மாதம் ஒரு முறை வேலை முடிந்து வரும் நேரத்தில் சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாம். பெல்ஜியத்தில் 1925இல் ஜோசப் கார்டைன் என்ற குரு இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியதே, பள்ளியை விட்டு ஆலைக்குப் போன பிள்ளைகள் ஆலயத்தை விட்டும் போய்விட்டதைக் கண்டுதான். பார், சிந்தி, செயல்படு என்ற அவருடைய முறையைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் 1961இல் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். கூடுதல் நேர ஊதியம் சரியாகக் கணக்கிடப்பட்டதா, இ.பி.எஃப். கட்டப்படுகிறதா, முகவர் எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்று பேசத் தொடங்கும் கூட்டத்துக்கு வேலைக்காரப் பிள்ளைகள் வருவார்கள். விவிலியம் அந்தப் பேச்சுக்குள் தானாக வந்து சேரும்.

காசு விஷயம் இன்னும் கூச்சமானது. முகாமுக்கு 150 ரிங்கிட் என்று அறிவித்துவிட்டு, முடியாதவர்கள் பங்குத்தந்தையைத் தனியே பார்க்கலாம் என்றால், யாரும் பார்க்கமாட்டார்கள். அந்த வாரம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கட்டணம் எவ்வளவு என்று எழுதாமல், முடிந்ததைப் போடும்படி மூடிய உறையை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்து, குறைவதைப் பங்கு ஏற்பது மானத்தைக் காக்கும். 2027 ஆகஸ்டில் சோல் நகரில் உலக இளையோர் நாள் நடக்கவிருக்கிறது. பெற்றோரால் விமானச் சீட்டு வாங்க முடிந்தவர்கள் மட்டும் போய்வந்து ஒலிவாங்கியைப் பிடித்துச் சாட்சி சொன்னால், மற்றவர்களுக்கு அது சுற்றுலாக் கதையாகத்தான் கேட்கும். இப்போதே பொது நிதி திரட்டி, யார் போவது என்பதை இளையோரே முடிவு செய்யும் பங்குக்கு அந்தச் சங்கடம் இல்லை.

பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாமல் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளை காரணம் சொல்லாது. பெயர், பிறந்த ஆண்டு, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவையே ஒரு முகாமுக்குப் போதும். விஷயம் தெரியவந்தால், குடும்பத்தோடு தேசியப் பதிவுத் துறைக்கு ஆவணங்களோடு போய் நிற்க ஒருவரை ஏற்பாடு செய்வது, பத்து தியானக் கூட்டங்களுக்கு ஈடான இளையோர் பணி.

இந்து உறவினர்கள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளக்கத் தேவையில்லாத உண்மை: ஒரே குடும்பத்தில் அத்தை மாரியம்மன் கோயிலுக்குப் போவார், மாமா அந்தோனியார் கோயிலுக்குப் போவார். கத்தோலிக்கப் பிள்ளையின் நெருங்கிய நண்பன் இந்துவாக இருப்பான். நண்பனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்ற கேள்விக்குக் காற்பந்துக்கும், துப்புரவுப் பணிக்கும், எஸ்.பி.எம். வகுப்புக்கும் தாராளமாக வரலாம் என்பதே பதில். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை ஜெபக் கூட்டத்தில் உட்கார வைப்பது தவறு. 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே தீர்மானிப்பர் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12(4)ஆவது விதி கூறுகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், ஐம்பது வருட உறவு கசந்துபோகும். வீட்டுக்குப் போய், தேநீர் குடித்து, இன்ன நாளில் இன்ன நிகழ்ச்சி என்று பெற்றோரிடமே சொல்லிவிட்டு வருவதுதான் முறை.

படி ஏற முடியாதவர்கள்

உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அவர்கள் நிலைக்கேற்ற மறைக்கல்வி கிடைப்பதைப் பங்குத்தந்தை உறுதிசெய்ய வேண்டும் என்று திருஅவைச் சட்டத்தின் 777ஆவது விதி சொல்கிறது. பல பங்குகளில் இளையோர் அறை மாடியில் இருக்கிறது, மின்தூக்கி கிடையாது. கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும், செலவே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒலிபெருக்கியின் இரைச்சல் தாங்காது. ஓசை குறைந்த ஒரு மூலையும், இன்று என்னென்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு தாளும் அந்தப் பிள்ளையை அங்கே நிறுத்திவைக்கும். காது கேளாதவருக்காக இரண்டு மூன்று பேர் மலேசிய சைகை மொழி கற்றுக்கொள்ளலாம். டவுன் சின்ட்ரோம் உள்ள இளைஞர் காணிக்கைத் தட்டு ஏந்துவதும் பீடத்தில் பணி செய்வதும் முடியாத காரியங்கள் அல்ல. யாராவது நான்கு வாரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோரிடம் முதலில் கேளுங்கள். பாவம் என்ற பார்வையோடு அல்ல, என்ன வேலை பிடிக்கும் என்று.

கண்ணுக்குத் தெரியாத விலக்கும் உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டவர், போதைப்பொருள் மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியவர், மணமாகாமல் குழந்தை பெற்ற பெண், தன் பாலின ஈர்ப்பு பற்றிக் குழம்பி யாரிடமும் சொல்ல முடியாதவர். இவர்கள் போவது பெரும்பாலும் போதனையைக் கேட்டு அல்ல, கூட்டத்தில் அடிக்கப்படும் கேலியைக் கேட்டு. 2018 மாமன்றத்தின் இறுதி ஆவணம், பாலியல் நாட்டத்தின் பெயரால் நடக்கும் வன்முறையையும் ஒதுக்கலையும் எதிர்த்து, அத்தகையோருடன் உடன் நடக்கச் சொல்கிறது. திருஅவையின் போதனை அப்படியே இருக்கிறது. வாய்க்கு வந்த கேலி அந்தப் போதனையில் சேர்த்தி இல்லை.

தலைவர் யார்?

இளையோர் பணியில் முடிவெடுப்பவர்கள் இளையோராக இருக்க வேண்டும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு நாற்பத்தைந்து வயது ஒருங்கிணைப்பாளர் நிகழ்ச்சி நிரலை எழுதிக்கொண்டு வருவார். நம் நாட்டில் இளைஞர் சட்டமே 2019இல் திருத்தப்பட்டு இளையோர் வயது வரம்பு 40இலிருந்து 30ஆகக் குறைக்கப்பட்டது. பங்குகள் இன்னும் பின்தங்கியுள்ளன. பெரியவர்களுக்கு உடன் நடப்பவர் என்ற இடம் உண்டு, அது முக்கியமான இடம். தம் குறைகளை ஒத்துக்கொள்பவர், தம்மை உயரத்தில் வைத்துக்கொள்ளாதவர்தான் நல்ல வழிகாட்டி என்று இளையோரே கேட்டதாக ஊக்கவுரையின் 246ஆம் பத்தி பதிவு செய்கிறது.

தலைமைக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது நன்றாகப் பேசுபவரை மட்டும் எடுக்காமல், தோட்டத்திலிருந்து ஒருவர், வேலைக்குப் போகும் ஒருவர், பெண்கள் சமமாக என்று முன்பே வரையறுத்துக்கொள்ளலாம். சேவைப் பணி இதற்கு நல்ல பயிற்சிக்களம். பாரிசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய 1833ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு வயது 20, கல்லூரி மாணவர். இன்று நம் பங்குகளில் அந்தச் சபை வீடு வீடாக உதவிப் பொருள் கொண்டுபோகும்போது இளையோரையும் சேர்த்துக்கொண்டால், எந்த வீட்டில் யார் படுத்த படுக்கை, எந்த வீட்டில் மின்சாரம் வெட்டப்பட்டது என்று சொல்பவர் அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையாகத்தான் இருப்பார்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுப்பு இருக்கக் கூடாது. கதவு திறந்திருப்பதாலேயே யார் உள்ளே வருகிறார்கள் என்பதில் கவனம் தேவை. பதின்ம வயதினரோடு பெரியவர் ஒருவர் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, இரவு நேரத் தனிப்பட்ட புலனச் செய்திகள் கூடாது, முகாமில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். 13 வயதினரையும் 28 வயதினரையும் ஒரே குழுவில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஆலயத்தின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைப்பதற்கு அதில் இடமில்லை. தாலியான் காசே 15999 என்ற எண்ணை இளையோர் அறையின் சுவரில் ஒட்டிவையுங்கள்.

பங்குத்தந்தையர் மாற்றலாகிப் போவார்கள். ஒருவர் வளர்த்த குழு அடுத்தவர் வந்ததும் கலைந்துபோவது பல ஊர்களில் கண்ட காட்சி. தலைமைக் குழுவில் ஆண்டுதோறும் பாதிப் பேர் மட்டும் மாறுவது, இளையோர் நிதிக்குப் பங்கின் வரவு செலவில் தனி வரி, பங்குப் பேரவையில் இரண்டு இடம் ஆகியவை எழுத்தில் இருந்தால் குழு யாரையும் நம்பி நிற்காது. புதிதாகத் தொடங்கும் பங்கு முகாமில் தொடங்க வேண்டாம். கடந்த ஐந்து ஆண்டுகளின் உறுதிபூசுதல் பதிவேட்டை எடுத்து, அன்பியம் அன்பியமாகப் பெயர்களைப் பிரித்து, இருவர் இருவராகச் சென்று பார்க்க மூன்று மாதம் ஆகும். கையில் துண்டறிக்கை வேண்டாம். எந்த நாள் ஓய்வு, வண்டி இருக்கிறதா, எந்த மொழி சுலபம், என்ன செய்யப் பிடிக்கும் என்ற நான்கு கேள்விகள் போதும். பதிலைக் குறித்துக்கொண்டு வந்த பிறகு முதல் கூட்டத்தின் நாளைப் போடலாம்.